வேருக்குத் திரும்பிய குரல்கள்

பழகிய தொழிலை விட்டு வேறு துறைக்குச் செல்லலாமா என்னும் கேள்வியோடு வாடிக்கையாளர் சிலர் நம் எதிரே வந்து அமர்வதுண்டு. கடன், வட்டி, தவணை ஆகியவற்றைப் பேசுவதற்கு முன், இசையுலகில் நிகழ்ந்த இரு திருப்பங்களை அவர்களுக்கு எடுத்துரைக்கத் தோன்றுகிறது.

முதலாவது, தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கும் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தது. அங்கு 2003-ஆம் ஆண்டு 'அவியல்' என்னும் ராக் இசைக்குழு தோன்றியது. ராக் என்றால் ஆங்கிலத்தில் பாடுவதே பெரும்பாலும் வழக்கமாயிருந்த காலம் அது. டோனி ஜான், ரெக்ஸ் விஜயன் முதலிய இளைஞர்களோ கித்தாரையும் டிரம்மையும் கைவிடாமல், பாடும் மொழியை மலையாளமாக்கினர். நாட்டுப்புறச் சொற்களையும் தாளங்களையும் மேடையேற்றினர். ஆங்கிலப் பாட்டுக்கு நாடெங்கும் மேடை உண்டு. மலையாள ராக்கை யார் கேட்பார் என்ற ஐயம் எழுந்திருக்கக்கூடிய முயற்சிதான். 'நட நட' என்னும் பாடல் அவர்களை அடையாளம் காட்டியது. எனினும் முதல் இசைத்தொகுப்பு 2008-இல்தான் வெளிவந்தது. அதிலுள்ள 'ஆடு பாம்பே' பாடலின் வரிகள், அந்நகரை அடுத்த செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு இயற்றியவை. தமிழிலும் பதிகங்கள் பாடிய குருவின் அப்பாட்டு, நம் பாம்பாட்டிச் சித்தரை நினைவூட்டுவது. ராக் இசையை நாடிய இளைஞர்கள் இறுதியில் தம் ஊர் ஞானியின் வாசலுக்கே வந்து சேர்ந்தனர்.

இரண்டாவது, அமெரிக்காவில் நிகழ்ந்தது. 'ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ்' ராக் குழுவின் பாடகர் டேரியஸ் ரக்கர். அக்குழு 1994-இல் வெளியிட்ட தொகுப்பு அந்நாட்டில் 2 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. பின்னர் 2002-இல் ஆர் அண்ட் பி பாணியில் அவர் தந்த தனித்தொகுப்பு எடுபடவில்லை. அதன்பின், இளமையில் வானொலியில் கேட்டு வளர்ந்த 'கன்ட்ரி' என்னும் கிராமிய மரபிசைக்குத் திரும்பினார். பழைய புகழைப் பாராமல், புதுமுகம் போல வானொலி நிலையங்களுக்கு நேரில் சென்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். 2008-இல் அவருடைய கன்ட்ரி பாடல் தரவரிசையில் முதலிடம் பெற்றது. 1983-இல் சார்லி பிரைடு பெற்றபின், கறுப்பினப் பாடகர் ஒருவர் தனித்துப் பாடி அவ்விடத்தை எட்டியது அப்போதுதான். 2012-இல் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஓப்ரி' அவரை உறுப்பினராக ஏற்றது.

இவ்விரு திருப்பங்களிலும் நாம் காண்பது ஒன்றே. இவர்கள் முன்பின் அறியாத பொருளில் முதலீடு செய்யவில்லை. தம்மிடம் ஏற்கெனவே இருந்த செல்வத்தையே கணக்கில் எடுத்துக்கொண்டனர். ஆயினும் பலன் உடனே கிட்டவில்லை. அவியலுக்கு முதல் தொகுப்பு வர 5 ஆண்டுகள் ஆயின. ரக்கருக்கோ தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே 6 ஆண்டுகள் கழிந்தன.

அந்த இடைக்காலத்தைக் கடப்பதே கடினம். திறமை உள்ளவரும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் வழியின்றிப் பாதியில் திரும்பிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே துறை மாற எண்ணுவோர், வருவாய் சீராக உள்ளபோதே தொடர் வைப்பில் சேமிக்கத் தொடங்குதல் நன்று. குறைந்தது ஓராண்டுக் குடும்பச் செலவு கையிருப்பில் இருக்கட்டும். பழைய கடன்களை முன்னதாகவே குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேர் எதுவென்பதை நீங்களே அறிவீர்கள். அது தளிர்க்கும் வரை காத்திருப்பதற்கான பொருளைச் சேர்த்து வைக்க நாம் துணை நிற்போம்.