ஜெர்மன் ஆப்பிள் பேன்கேக்: ஓவன் தேவையா? அவ்வளவு சர்க்கரை தேவையா?

பினாங்கு, புலாவ் தீக்குஸ் காலைச் சந்தைப் பக்கம் போனால் சின்னச் சின்னச் சட்டிகளில் அப்போம் வெந்துகொண்டிருக்கும். நம்ம ஆப்பம்தான், இங்கே அப்போம். பர்மா ரோட்டில் வாழைப்பழமும் சோளமும் போட்ட தடித்த அப்போங் கிடைக்கும். இரவுச் சந்தையில் வேர்க்கடலையும் சர்க்கரையும் தூவி மடித்த அப்பம் பாலிக்.

மாவைக் கரைத்துச் சட்டியில் ஊற்றி, இனிப்போடு சாப்பிடுவது நமக்குப் புதிதே இல்லை. அதனால் ஜெர்மன் ஆப்பிள் பேன்கேக் வீடியோவைப் பார்த்ததும் செய்து பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் ஓவனுக்குள் அது பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்து, "நம்ம வீட்டில் ஓவன் இல்லையே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில், ஜெர்மானியர்கள் வீட்டில் செய்யும் ஆப்பிள் பேன்கேக்கிற்கு ஓவன் வேண்டாம். சர்க்கரையும் கொஞ்சம் போதும்.

ஒரே பெயர், இரண்டு பலகாரம்

ஜெர்மனியில் இதன் பெயர் அப்ஃபெல்ஃபான்குஹன். ஆப்பிள் துண்டுகளை வெண்ணெயில் வதக்கி, மேலே முட்டை கலந்த மாவை ஊற்றி, அடுப்பிலேயே இரண்டு பக்கமும் வேகவைப்பார்கள். பல வீடுகளில் இது மதிய உணவாகவே பரிமாறப்படுகிறது.

வீடியோவில் உப்பி நிற்பது பெரும்பாலும் அமெரிக்க வகை. "டச்சு பேபி" என்றும் சொல்வார்கள். சர்க்கரையையும் வெண்ணெயையும் உருக்கி, அதில் ஆப்பிளைப் போட்டு ஓவனில் வைக்கும் முறை அது. 1953இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தொடங்கிய ஒரிஜினல் பேன்கேக் ஹவுஸ் உணவகம் இந்த ஆப்பிள் பேன்கேக்கிற்குப் பேர் போனது.

எதனால் உப்புகிறது?

அப்போம் மாவு இரவு முழுக்கப் புளிக்கிறது. ஈஸ்ட் வெளியிடும் வாயுதான் அந்த ஓட்டைகளுக்குக் காரணம். அப்பம் பாலிக் மாவில் சோடா மாவு அந்த வேலையைச் செய்கிறது.

ஜெர்மன் மாவில் இரண்டும் கிடையாது, முட்டை மட்டும்தான். ஓவனின் கடும் சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்குகிறது. முட்டையின் புரதம் இறுகி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. வெளியே எடுத்த சில நிமிடங்களில் ஆவி அடங்கி, அது அமுங்கிவிடும். அடுப்பில் செய்வது அந்த அளவு உப்பாது. மெத்தென்று இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

என்னென்ன வேண்டும்? (3 அல்லது 4 பேன்கேக்கிற்கு)

கோதுமை மாவு (கடையில் கேட்கும் தெப்போங் கண்டும்) 150 கிராம்
பால் 250 மில்லிலிட்டர்
முட்டை 3
ஆப்பிள் 2
உப்பு ஒரு சிட்டிகை
வெண்ணெய், ஒவ்வொரு பேன்கேக்கிற்கும் 2 தேக்கரண்டி
பட்டைத்தூள் கொஞ்சம்

புளிப்பான பச்சை ஆப்பிள் நல்லது. வெந்தாலும் குழையாது, சுவையும் தூக்கலாக இருக்கும். ஃபூஜி ஆப்பிள் என்றால் சர்க்கரையே தேவைப்படாது.

செய்முறை

1. மாவு, உப்பு, பாதிப் பால் மூன்றையும் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு முட்டையையும் மீதிப் பாலையும் சேர்த்துக் கலக்கி, 20 நிமிடம் மூடி வையுங்கள்.

2. ஆப்பிளை 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள்.

3. நான்ஸ்டிக் சட்டியில் மிதமான சூட்டில் வெண்ணெயை உருக்கி, அரை ஆப்பிள் துண்டுகளைப் பரப்பி 2 நிமிடம் வதக்குங்கள்.

4. ஒரு பெரிய கரண்டி மாவை மேலே ஊற்றி மூடுங்கள். சுமார் 3 நிமிடத்தில் மேல்பக்கம் இறுகிவிடும்.

5. ஒரு தட்டைச் சட்டியின் மேல் கவிழ்த்துப் பிடித்துத் திருப்புங்கள். பேன்கேக்கை மறுபடி சட்டியில் நழுவவிட்டு இன்னும் 2 நிமிடம் வேகவிடுங்கள்.

எங்கே தவறு நடக்கும்?

ஆப்பிள் தடிமனாக இருந்தால் திருப்பும்போது பிய்ந்துவிடும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது, கடைசியில் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட்டோம். தீ அதிகமானால் அடி கருகி, நடு வேகாது. மாவு சேர்த்த பிறகு ரொம்ப நேரம் அடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

சர்க்கரையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகப் பதிவானது.

ஒரு நாளில் நாம் தனியாகச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் வைத்தால் கூடுதல் நன்மை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்க முறைச் சர்க்கரைப் பாகு அந்தக் கணக்கில் பெரும்பகுதியை ஒரே வேளையில் தீர்த்துவிடக்கூடும். ஜெர்மன் முறையில் பட்டைத்தூள் கலந்த சர்க்கரையை ஒரு தேக்கரண்டி தூவினால் போதும். இனிப்புக்குத்தான் ஆப்பிள் இருக்கிறதே!

அதற்காக இது சர்க்கரை ஏற்றாத உணவு என்று நினைத்துவிட வேண்டாம். கோதுமை மாவும் இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் மாறும். பாதி மாவுக்கு ஆட்டா மாவு சேர்த்து, கூடவே 2 மேசைக்கரண்டி பால் ஊற்றிக்கொள்ளலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்பதைக் கிளினிக்கில் உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜெர்மானியர்களிடமிருந்து இன்னொரு பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சோறு சாப்பிட்ட பிறகு இனிப்பாக இதை வைக்காமல், அந்த வேளைச் சாப்பாடாகவே ஒன்றை மட்டும் சூடாகச் சாப்பிடுங்கள்.