எஞ்சின் பிடி எட்டவில்லையா?

பூநகரிப் பக்கத்துக் கரையொன்றில் காலை ஏழு மணி. நண்டு வலை எடுக்கப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை ஓட்டி வந்தவர் ஒரு பெண். மற்றவர்களைப்போல எஞ்சினோடு ஒட்டிக் கடைசியில் குந்தியிருக்காமல், இரண்டடி முன்னால் குறுக்குப் பலகையில் நிமிர்ந்து இருந்தார். கையில் ஒரு வெள்ளைக் குழாய். அதன் மறுமுனை எஞ்சினில் இருந்தது.

"இதென்ன, தண்ணிக் குழாயோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. கிணத்துப் பம்புக்கு வாங்கினதிலை மிஞ்சின துண்டு" என்று சிரித்தார்.

பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்தச் சகோதரிக்கு 2009இல் வலது தோளில் ஷெல் துண்டு பட்டது. துண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது. கணவர் திரும்பி வரவில்லை. மீள்குடியேறிய பின் உறவினர் ஒருவரின் வள்ளமும் எஞ்சினும் கிடைத்தன. ஓட்டுவதற்கு ஆள் பிடித்தால் வருமானத்தில் பாதி அவருக்குப் போய்விடும். மிஞ்சுவதில் எண்ணெய்க் காசு, வலைக் காசு, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் பார்க்கவேண்டும். தானே ஓட்டுவது என்று இறங்கினார்.

"ஒரு கிழமைதான் தாங்கிச்சு. கை பின்னுக்கு முறுகியபடி இருக்கும். மத்தியானம் தலை வாரக் கை எழும்பாது. பொம்பிளையாலை ஏலாது எண்டு கரையிலை கதைச்சினம். நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

ஆனால் பிழை அவருடைய கையில் இல்லை. பிடி இருந்த இடத்தில்தான் இருந்தது.

பதினெட்டு அடி பைபர் வள்ளத்தில் வழக்கமாக இருவர் போவார்கள். ஒருவர் பின்னால் எஞ்சினில், மற்றவர் முன்னால் வலையில். முன்னால் ஒருவர் இருந்தால்தான் வள்ளம் மட்டமாக நிற்கும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையெங்கும் வழங்கப்பட்ட சிறு வள்ளங்களிலும் இதே ஏற்பாடுதான். தனியே போகிற ஒருவர் பின்னால் இருந்தால், சுமார் 40 கிலோ எஞ்சின், எண்ணெய்த் தாங்கி, அவருடைய உடல் எல்லாப் பாரமும் ஒரே இடத்தில் சேரும். அணியம் வானத்தைப் பார்க்கும். முன்னால் களங்கண்ணித் தடி நிற்கிறதா, வேறொருவரின் வலை கிடக்கிறதா என்பது தெரியாது. எண்ணெயும் கூடப் போகும். 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது இதைக் கணக்குப் பார்க்காத கடற்றொழிலாளர் வீடு இருந்திருக்காது.

ஆகவே ஓட்டுபவர் முன்னால் வரவேண்டும். பிடியும் அவரோடு வரவேண்டும்.

பெரிய படகுகளில் சில்லும் கியர்ப் பெட்டியும் நடுவில் வைத்து, அங்கிருந்து எஞ்சின்வரை கேபிள் இழுப்பார்கள். கை, கால் இழந்தவர்களுக்கு அது உண்மையில் நல்ல வசதி. ஆனால் கேபிள் அளவாக இருக்கவேண்டும், இறுக்கமாக வளையக்கூடாது, உப்புப் பிடிக்காமல் கிறீஸ் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். வலை வைக்கிற இடத்தையும் அந்தப் பெட்டி பிடித்துக்கொள்ளும். களப்பில் நண்டு வலை போடுகிறவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

குழாய் போதும். தடித்த பி.வி.சி. குழாயில் இரண்டு, இரண்டரை அடித் துண்டு எடுங்கள். எஞ்சின் பிடியின் றப்பர் மேல் இறுக்கமாக ஏறக்கூடிய அளவாக இருக்கவேண்டும். ஏறும் முனையில் நாலு விரல் நீளத்துக்கு வாளால் இரண்டு பிளவு வெட்டி, பிடியின் மேல் செலுத்தி, துருப்பிடிக்காத இரண்டு கிளிப்பால் இறுக்குங்கள். சுழலும் பகுதியில் மட்டுமே குழாய் பிடிக்கவேண்டும். சுழலாத பகுதியையும் சேர்த்து இறுக்கினால் வேகம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கை பிடிக்கும் முனையில் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிச் சுற்றினால் வழுக்காது. பிடி சற்று மொத்தமாக இருப்பதால் முறுக்குவதற்கு விரல்களுக்கு வேண்டிய பலமும் குறையும். நீளம் கூடியதால் திருப்புவதும் இலகுவாகும்.

வெட்டுவதற்கு முன் வள்ளத்தைக் கரையில் வைத்து, எஞ்சினை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். குழாயின் நுனி வள்ளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே போனால் நீளம் கூடிவிட்டது. உங்கள் வயிற்றில் இடித்தாலும் அப்படித்தான். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைத் தூக்கும்போது குழாய் பலகையில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். எண்ணெய்த் தாங்கியையும் முன்னால் நகர்த்துவதானால் எண்ணெய்க் குழாய் எட்டவேண்டும், மிதிபடவும் கூடாது.

எந்தக் கையால் ஓட்டுவது என்பது நம் விருப்பம். வலது தோள் சரியில்லாதவர் வள்ளத்தின் வலப்பக்கம் இருந்தால் இடது கையால் பிடிக்கலாம். இந்தச் சகோதரியும் அப்படித்தான் மாறினார். பக்கம் மாறினால் குழப்பம் வருமே என்று பயப்படவேண்டாம். பிடியை உங்களை விட்டுத் தள்ளினால் வள்ளம் நீங்கள் இருக்கும் பக்கம் திரும்பும். உங்களிடம் இழுத்தால் மற்றப் பக்கம் திரும்பும். எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது.

நேராக ஓடும்போதும் பிடி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறதா? பல எஞ்சின்களில் காற்றாடிக்கு மேலே ஒரு சிறு வால் தகடு இருக்கும். வள்ளம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தத் தகட்டின் பின்நுனியை அதே பக்கமாகக் கொஞ்சம் திருப்பி இறுக்கினால் இழுவை குறையும். எஞ்சின் திருத்துபவரிடம் கேட்டால் செய்து தருவார். நோவுள்ள தோளுக்கு இது பெரிய ஆறுதல்.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எஞ்சினின் நிறுத்தற் பொத்தானில் ஒரு கயிறு கொழுவப்பட்டிருக்கும், பெரும்பாலும் சிவப்புச் சுருட்கயிறு. மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டில் அல்லது உயிர்காப்பு அங்கியில் இருக்கவேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். கயிறு இல்லாமல் விழுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் வள்ளம் தானாக வட்டமிட்டு விழுந்தவரிடமே திரும்பி வரக்கூடும், சுழலும் காற்றாடியோடு. தனியே போகிறவருக்கு வேறு யார் எஞ்சினை நிறுத்துவார்கள்?

நாம் இரண்டடி முன்னால் வந்ததும் இந்தக் கயிறு எட்டாமல் போகும். "பரவாயில்லை" என்று அதை எஞ்சினிலேயே தொங்கவிடுவது பலர் செய்கிற பிழை. இழுபடாத, உறுதியான நூற்கயிறு ஒன்றால் அதை நீட்டுங்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சற்று எழுந்து அசைய மட்டும் போதுமான நீளம் வேண்டும், அதற்குமேல் வேண்டாம். தளர்வாக விட்டால் விழுந்த பிறகும் எஞ்சின் ஓடும். ஒவ்வொரு நாளும் கரையில் எஞ்சினை ஓடவிட்டு, கயிற்றை இழுத்து நிற்கிறதா என்று பார்த்த பின்பே புறப்படுங்கள். பழைய எஞ்சின் சிலவற்றில் இந்த வசதியே இல்லை. அப்படியான எஞ்சினோடு தனியே போகிறவர் பிடியை நீட்டுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். பிடியில் வேகத்தை நிலைநிறுத்தும் திருகு இருந்தால் அதையும் அதிகம் இறுக்கவேண்டாம்.

குழாயால் தீராத ஒன்றும் உண்டு. இழுத்துத் தொடக்கும் கயிறும், பல எஞ்சின்களில் கியரும் பின்னாலேயே இருக்கும். தொடக்கும்போது கியர் நடுவில் இருக்கவேண்டும். ஒரு காலைப் பின்பலகையில் உதைத்து, இடுப்பாலும் உடம்பின் பாரத்தாலும் இழுங்கள், தோளால் இழுக்கவேண்டாம். கூந்தலையும் சால்வை நுனியையும் முதலில் கட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சகோதரிக்கு விடியற்காலையில் பக்கத்து வள்ளத்துப் பையன் வந்து தொடக்கிக் கொடுக்கிறான். கடலுக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் இடது கையால் தானே இழுக்கிறார். மூன்று நான்கு தரம் இழுக்கவேண்டி வரும் என்றார்.

அந்தக் குழாயை வெட்டிக் கொடுத்தவர் கரையிலுள்ள வயதான தண்டையல் ஒருவர். "பொம்பிளையாலை ஏலாது" என்று முதலில் சொன்னவர்களில் அவரும் ஒருவராம். அதைச் சொல்லும்போதும் சகோதரி சிரித்தார்.

வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றி முடித்ததும் கிளிப்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றினார். சவளோடு சேர்த்துத் தோளில் வைத்தார், இடது தோளில்.

"சோளகம் தொடங்கினா அலை முன்னாலை அடிக்கும். அப்ப நான் கொஞ்சம் பின்னுக்கு இருந்தாத்தான் அணியம் எழும்பும். இன்னொரு கட்டைத் துண்டு வெட்டி வைக்கவேணும்" என்றபடி வீட்டை நோக்கி நடந்தார்.