நெய்வேலிச் சுரங்கத்தின் அடியில்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து மாணவர்களில் பலர் திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்து கல்லாக மாறிய மரங்கள் அவை. அடுத்த முறை போகும்போது மரங்களோடு, அவற்றைச் சூழ்ந்துள்ள பாறையையும் கவனியுங்கள். கடலூர் மணற்பாறை என்பது அதன் பெயர். அதன் மணல் துகள்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ளன; மழைநீர் அவற்றின் வழியே கீழே இறங்கித் தங்கும்.

இதே பாறைத் தொகுதி, தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெய்வேலியில் தரைக்கடியில் கிடக்கிறது. அதன் நடுவே பழுப்பு நிலக்கரி படிந்திருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. நீரும் கரியும் அங்கே அன்றே சேர்ந்துதான் வந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

நீர் சுரங்கத்தின் பழைய எதிரி. தன்பாத் அருகிலுள்ள சஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27-ஆம் நாள் வெள்ளம் புகுந்து 375 பேர் இறந்தனர். அது பூமிக்கடியில் குடைந்த சுரங்கம். நெய்வேலியோ மேல்மண்ணை அகற்றித் தோண்டும் திறந்தவெளிச் சுரங்கம். ஆனால் அங்கே நீர் கீழிருந்து மிரட்டுகிறது.

எப்படி? மணற்பாறை அடுக்கு தென்கிழக்கே கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. மேற்கிலும் வடமேற்கிலும் மேடான பகுதிகளில் விழும் மழை அதனுள் புகுந்து, நீர் எளிதில் புகாத படுகைகளுக்கு அடியில் சிக்கிக்கொள்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஓட்டை போட்டால் நீர் பீறிடும் அல்லவா? அதே நிலைதான். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலுள்ள நீரின் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம்.

இனி ஒரு கணக்கு. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் அழுத்தம் தரும். மேலே 60 மீட்டர் மண் இருப்பதாகக் கொள்வோம். மண்ணின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 2. ஆகவே அது தரும் அழுத்தம் 12 கிலோகிராம். 15 மீட்டர் கனமுள்ள நிலக்கரியின் ஒப்படர்த்தி 1.2 எனில் அதன் பங்கு 1.8. மொத்தம் 13.8. கீழிருந்து தள்ளும் 6 அல்லது 8 இதை அசைக்க முடியாது. ஆனால் மேல்மண்ணை அகற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் 1.8! நிலக்கரிப் படுகை மேலே உப்பிப் பிளந்து, குழி நீரில் மூழ்கிவிடும்.

1957-இல் தோண்டத் தொடங்கி, 1961-இல் நிலக்கரியை எட்டுவதற்குள் இதற்கு வழி காண வேண்டியிருந்தது. கீழே உள்ள நீர் முழுவதையும் இறைத்துத் தீர்க்க இயலாது, தீர்க்கவும் தேவையில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் போதும். குழியைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகளைப் போட்டு ஓயாமல் இறைத்தார்கள். ஒவ்வொரு கிணற்றைச் சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவில் தாழும். புனல்கள் ஒன்றோடொன்று இணையும்போது, இடையிலுள்ள இடம் முழுவதிலும் அழுத்தம் விழுகிறது. சுரங்கம் நகர நகரக் கிணறுகளும் நகர வேண்டும். மின்சாரம் நின்று பம்புகள் ஓய்ந்தால் அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கும். என்னைக் கேட்டால், ராட்சதத் தோண்டு இயந்திரங்களைவிட அடியில் நடக்கும் இந்த வேலைதான் வியப்புக்குரியது.

இறைத்த நீர் எங்கே போகிறது? அது தெளிந்த நீர்; அனல் மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்படுகிறது. குழியில் சேரும் மழைநீரின் கதை வேறு. 1 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர்! அத்தனையும் களிமண் கலந்த கலங்கல். அதைத் தேக்கித் தெளியவிட்ட பிறகே ஓடைக்கோ ஏரிக்கோ விடவேண்டும். ஸ்டோக்ஸ் விதிப்படி, துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் கால் பங்காகிவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் 1 மீட்டர் ஆழம் படிய 2 நிமிடம் போதும். 2 மைக்ரான் களிமண் துகளுக்கோ 3 நாளுக்கு மேலாகும். கலங்கிய ஆற்று நீரில் படிகாரம் போட்டுப் பாருங்கள். நுண்துகள்கள் திரண்டு பெரிதாகி விரைவில் படியும்.

புனல் சுரங்கத்தின் எல்லையோடு நிற்பதில்லை. ஒரு காலத்தில் இப்பகுதியில் குழாய் இறக்கினாலே நீர் தானாகப் பொங்கியது. இன்று உழவர்கள் மோட்டாரை ஆழத்தில் இறக்கி இறைக்கிறார்கள். சுரங்கமும் வயல்களும் ஒரே பாறையிலிருந்துதான் எடுக்கின்றன. எனவே குறைவுக்கு யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். கிழக்கே இதே அடுக்கு கடலோரம் வரை போகிறது. நன்னீரின் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தால் உப்புநீர் உள்ளே நகரும் அபாயமும் உண்டு. அதனால்தான் இறைக்காத கிணறுகள் சிலவும் வேண்டியிருக்கின்றன. நீர்மட்டத்தை அளந்து குறிப்பது மட்டுமே அவற்றின் வேலை. எத்தனை பம்புகள் ஓடவேண்டும், எவற்றை நிறுத்தலாம் என்பதை அந்த அளவுகளைக் கொண்டே முடிவு செய்ய இயலும்.