நகராட்சிச் சட்டமும் நீதிமன்றமும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டைக்கு அருகிலுள்ள பழவங்காடி, கோயிலும் கடைகளும் பேருந்துகளும் நெருங்கியுள்ள பகுதி. இத்தகைய இடத்தில் கடைக் கழிவை ஓடையில் கொட்டுதல், அனுமதியின்றிக் கட்டுதல், வரி விதிப்பில் தகராறு போன்றவை எழுவது இயல்பே. இவற்றை விசாரிப்பது யார்? மேலைநாடுகள் சிலவற்றில் நகராட்சிக்கெனத் தனி நீதிமன்றம் உண்டு. கேரளத்தில் இப்பணி பல அமைப்புகளிடையே பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது.

இவற்றுக்கு அடிப்படை 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டமாகும். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையொட்டி இச்சட்டம் இயற்றப்பட்டது.

முதற்படி, நகராட்சிச் செயலாளரின் அறிவிப்பு. விதிமீறிய கட்டிடமாயின், அவர் முதலில் தற்காலிக ஆணை பிறப்பித்து, அதனை ஏன் உறுதி செய்யக்கூடாது என விளக்கம் கோருவார். உரியவரின் விளக்கத்தை ஆராய்ந்த பின்னரே இறுதி ஆணை பிறக்கும். அறிவிப்பைப் பெற்றும் வாளாவிருப்பவர், தம் தரப்பை எடுத்துரைக்கும் முதல் வாய்ப்பை இழக்கிறார் என்பது கருத்தில் கொள்ளத்தக்கது.

இறுதி ஆணையை எதிர்ப்பவர், உள்ளாட்சி நிறுவனங்களுக்கான தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறை அலுவலர் அதன் பொறுப்பில் இருக்கிறார். மாநகராட்சி வரி பற்றிய குறைகளைக் கேட்க, மன்ற உறுப்பினர்களைக் கொண்ட மேல்முறையீட்டு நிலைக்குழு ஒன்றும் உண்டு. ஊழல், நிர்வாகச் சீர்கேடு ஆகியவை குறித்த புகார்கள் குறைதீர்ப்பாளரிடம் செல்லும். தீர்ப்பாயமும் குறைதீர்ப்பாளரும், சத்தியபிரதா சென் தலைமையிலான அதிகாரப் பரவலாக்கக் குழுவின் பரிந்துரைகளையொட்டி உருவானவை.

குற்றமாகக் கருதப்படும் மீறல்களின் வழி வேறு. அவற்றில் நகராட்சி தானே நீதிபதியாக இயலாது. நடுவர் முன் வழக்குத் தொடர வேண்டும். தலைநகரின் நீதிமன்றங்கள் பல வஞ்சியூரில் அமைந்துள்ளன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின்படி, முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டு வரை சிறையும் ரூ.50,000 வரை அபராதமும் விதிக்கலாம். சமூக சேவையைத் தண்டனையாக அளிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. அறிவிப்பு முறையாகச் சார்பு செய்யப்பட்டதா, சாட்சியம் பொருந்துகிறதா என்பவற்றை நடுவர் ஆராய்வார். ஆகவே அலுவலர் தயாரிக்கும் பதிவேடு பழுதுபட்டால் வழக்கும் பழுதுபடும்.

துப்புரவு, குடிநீர் வழங்கல் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகள் பற்றிய தகராறுகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றத்தையும் அணுகலாம். இங்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. முதலில் சமரசம் முயலப்படும். அது கைகூடாவிடில் தீர்ப்பு வழங்கப்படும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, மகளிரும் குழந்தைகளும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள்.

இவ்வமைப்புகள் காகிதத்தளவில் நின்றுவிட்டால் நேரும் விளைவை 2024 ஜூலை காட்டியது. தம்பானூர் ரயில் நிலையத்தின் கீழே செல்லும் ஆமையிழஞ்சான் ஓடையைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர், 13ஆம் நாள் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். 15ஆம் நாள் அவரது உடல் கிடைத்தது. ஓடையில் மலையெனக் குவிந்திருந்த கழிவு தேடும் பணியைக் கடினமாக்கியது. துப்புரவுப் பொறுப்பு யாருடையது என்ற சர்ச்சையும் எழுந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஒரு பை கழிவை ஓடையில் எறிவது சிறு குற்றமெனத் தோன்றலாம். ஆனால் பல்லாயிரம் பைகள் சேர்ந்தால் ஓர் உயிர் பலியாகிறது. உயர் நீதிமன்றம் தலையிடும் நிலை வருமுன்பே, செயலாளரின் அறிவிப்பும் நடுவரின் அபராதமும் காலத்தில் செயற்படுமாயின் நகரம் பயன்பெறும். அதற்கு அலுவலரின் விழிப்பும், குடிமக்களின் சட்ட அறிவும் ஒருங்கே தேவை.