ஒன்றரை விநாடியும் ஒரு மில்லிமீட்டரும்



மலர்க் குழுவினர் 'பழைய மாணவர் பக்கம்' எழுதித் தரச் சொன்னபோது, மெயின்டனன்ஸ் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் எதை எழுதுவது என்று யோசித்தேன். பேரிங்கைப் பற்றி எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், இதுவும் மெக்கானிக்கல் சமாச்சாரம்தான்.

1996-ல் நான் மூன்றாமாண்டு மெக்கானிக்கல். என்.சி.சி.யில் இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நாள் முகாம். மேற்கே மலை, கிழக்கே ஆண்டாள் கோயில் கோபுரம். அங்கே .22 ரைபிளில் சுடும் அணிக்கு ஆள் எடுத்தார்கள். 25 கஜ தூரம், ஐந்து தோட்டா. என்னோடு வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் பழகிய இலகுவான ரைபிள் கிடைத்தது. என் முறை வந்தபோது கையில் கிடைத்தது வேறு. பழைய .303 ரைபிளின் உடம்பிலேயே .22 குழல் பொருத்திய கனமான ரைபிள். எங்கள் வரிசையில் அது ஒன்றுதான்.

சுட்டேன். அட்டையைப் பார்த்த உஸ்தாத் சிரித்தார். "குரூப் நல்லா இருக்கு தம்பி, இடம்தான் தப்பு" என்றார். ஐந்தும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்திருந்தன. ஆனால் மொத்தமாக நடுப்புள்ளிக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம். "இப்ப ரைபிளைத் திருத்த நேரமில்ல. அடுத்த அஞ்சும் ரெண்டு இஞ்ச் வலது பக்கம் தள்ளிப் புடி" என்று சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நடுவைக் குறி பார்க்காமல் ஓரத்தைக் குறி பார்ப்பதா? மறுபடியும் நடுவிலேயே பிடித்தேன். மறுபடியும் ஐந்தும் இடப்பக்கமே போயின. அணியில் என் இடம் போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்க்கார நண்பன் ஒருவன் தேர்வானான். பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பும் வழியெல்லாம் "ரைபிள் சரியில்லடா" என்று புலம்பிக்கொண்டே வந்தேன். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம்!

அந்த நண்பன் இப்போது அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் போன் செய்தான். "மாப்ளே, நம்ம எஸ்.எல்.ஆரோட அண்ணன்காரனை இங்க காசு குடுத்து வாங்கியிருக்கேன்டா. போட்டிக்குப் போறேன்." அந்த ஒரு போன்தான் இந்தக் கட்டுரைக்கு விதை.

பல துப்பாக்கிப் போட்டி என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த துப்பாக்கிச் சுடுதல் ஒலிம்பிக் வகை. ஒருவர், ஒரு துப்பாக்கி, அசையாத இலக்கு. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2024-ல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் அப்படித்தான்.

'மல்டி-கன்' அல்லது 'த்ரீ-கன்' என்று அமெரிக்காவில் நடப்பது வேறு ரகம். ஒரே ஆள் ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் ஒரே சுற்றில் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். ஓடவும் வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும்போது, வைத்தது காலியாக இருக்க வேண்டும் அல்லது சேஃப்டி போட்டிருக்க வேண்டும். மறந்தால் ஆள் அவுட், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த மாதிரி செயல்முறைச் சுடுதலுக்கான சர்வதேச அமைப்பு (ஐ.பி.எஸ்.சி.) 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது.

இந்தப் போட்டிகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஏ.ஆர்-15 வகை ரைபிள். சிறிய .223 தோட்டா. என் நண்பன் எடுத்துப்போனது எஃப்.என். ஃபால். பெல்ஜியத்தில் பிறந்து 90-க்கும் மேற்பட்ட நாடுகளின் ராணுவத்துக்குப் போன 7.62 ரைபிள். நம் ராணுவம் 1990-களில் இன்சாஸ் வரும்வரை பெருவாரியாக வைத்திருந்த, இஷாப்பூரில் செய்த 1ஏ1 எஸ்.எல்.ஆர். அதே குடும்பம்தான். பல போட்டிகளில் இப்படிப் பெரிய தோட்டா ரைபிள்களுக்கென்றே 'ஹெவி மெட்டல்' என்று தனிப் பிரிவு உண்டு. ஆனால் நண்பன் முதலில் எல்லோரோடும் சேர்ந்துதான் இறங்கினான். "பெரிய தோட்டாவுக்கு மார்க் கூடடா" என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

பவர் ஃபேக்டர்: அப்ளைடு பிசிக்ஸ்தான்!

தோட்டா முனையின் எடையை (கிரெய்ன்) வேகத்தால் (விநாடிக்கு அடி) பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர். முதலாண்டில் படித்த உந்தம்தான், அலகு மட்டும் வேறு. ஐ.பி.எஸ்.சி. ரைபிள் விதிப்படி 150 வந்தால் 'மைனர்', 320 வந்தால் 'மேஜர்'.

.223 தோட்டா: 55 x 3200 / 1000 = 176. மைனர்.
7.62 தோட்டா: 147 x 2750 / 1000 = 404. மேஜர்.

இலக்கு அட்டையில் நடு வட்டாரம் ஏ. அங்கே பட்டால் இருவருக்கும் 5 மார்க். அடுத்த வட்டாரம் சி. அங்கே பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ஓரமான டி-யில் மேஜருக்கு 2, மைனருக்கு 1. மொத்த மார்க்கை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுத்தால் வருவதுதான் இறுதிக் கணக்கு.

ஓர் உதாரணம். பத்து அட்டை, அட்டைக்கு இரண்டு தோட்டா. இருவரும் 14 ஏ, 6 சி அடிக்கிறார்கள் என்று வையுங்கள்.

மைனர்: 70 + 18 = 88. 22 விநாடியில் முடித்தால் 88 / 22 = 4.
மேஜர்: 70 + 24 = 94. அதே 4 வாங்க 94 / 4 = 23.5 விநாடி.

அதாவது, பெரிய ரைபிள்காரருக்குக் கிடைக்கும் சலுகை வெறும் ஒன்றரை விநாடி! இன்னொன்றும் கவனியுங்கள். இருபதும் நடுவில் பட்டால் இருவருக்கும் 100 தான். பெரிய தோட்டாவின் லாபம் நாம் தவறும் இடத்தில் மட்டுமே வருகிறது. நேரத்தை மட்டும் கணக்கிட்டு, படாத இலக்குக்கு விநாடி கூட்டும் போட்டிகளும் பல உண்டு. அங்கே அந்தச் சலுகையும் கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

அந்த ஒன்றரை விநாடி எங்கே போகிறது?

முதல் செலவு உதைப்பு. 7.62 முனை 9.5 கிராம், விநாடிக்கு 838 மீட்டர். உந்தம் சுமார் 8. ரைபிள் 4.4 கிலோ என்றால் அது பின்னோக்கி வரும் வேகம் விநாடிக்கு 1.8 மீட்டர். .223-க்கு இதே கணக்கில் உந்தம் 3.5, ரைபிள் 3.2 கிலோ, வேகம் 1.1 மீட்டர். (வெடிமருந்து வாயுவின் பங்கைச் சேர்க்கவில்லை.) வேகத்தின் வர்க்கத்தை வைத்து ஆற்றலைப் பார்த்தால் தோளுக்கு வருவது கிட்டத்தட்ட நாலு மடங்கு. இரண்டாவது தோட்டாவுக்குக் குறி திரும்ப வரும் நேரம் அதனால் கூடுகிறது.

ஃபாலுக்கு இதில் ஒரு நல்ல குணம் உண்டு. அதன் கேஸ் ரெகுலேட்டரைத் திருகினால் பிஸ்டனுக்குப் போகும் வாயு குறையும், மிச்சம் வெளியே போய்விடும். ரைபிள் ஓடுவதற்குத் தேவையான அளவு மட்டும் வைத்துக்கொண்டால் பாகங்கள் மென்மையாக இயங்கும். ஆனால் தோட்டா ரகம் மாறினால் அந்த அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாவது செலவு பழக்கம். ஏ.ஆர். ரைபிளில் மேகசினை நேராக மேலே தள்ளினால் போதும். ஃபாலில் முன்பக்கத்தை முதலில் மாட்டி, பின்பக்கத்தை ஆட்டி ஏற்ற வேண்டும். நம் என்.சி.சி. பையன்கள் எஸ்.எல்.ஆரில் செய்ததுதான். என் நண்பன் முதல் போட்டியில் அவசரத்தில் நேராகத் தள்ளினான். ஒரு தோட்டா வெடித்தது, மேகசின் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மாட்டி முடிக்க எத்தனை விநாடி? "அஞ்சு இருக்கும்டா" என்றான். சலுகை ஒன்றரை, அபராதம் ஐந்து!

மூன்றாவது செலவு உதிரி பாகம். இதைச் சொன்னால் மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்குப் புரியும். பத்து ரிங் ஃப்ரேம் ஒரே கம்பெனியாக இருந்து, ஒன்று மட்டும் வேறு கம்பெனியாக இருந்தால், அந்த ஒன்று மட்டமான மெஷின் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு சின்ன சாமான் உடைந்தால் அதுதான் நிற்கும். பக்கத்து மெஷினிலிருந்து கழற்றி மாட்ட முடியாது. அதேபோல, போட்டி மைதானத்தில் மேகசினோ ஸ்பிரிங்கோ இரவல் கேட்டால் ஏ.ஆர்.காரருக்குப் பத்துப் பேர் தருவார்கள். ஃபால்காரருக்கு யார் தருவார்?

அமெரிக்காவில் பல ஃபால்கள், பழைய ராணுவ ரைபிள்களைப் பிரித்து வந்த பாகங்களைப் புது பாடியில் ஏற்றியவை. அப்போது போல்ட் பூட்டும் இடத்தில் 'லாக்கிங் ஷோல்டர்' என்ற ஒரு துண்டு வைப்பார்கள். அது பல அளவுகளில் வரும். சேம்பரில் தோட்டாவுக்குச் சரியான இடைவெளி கிடைக்கும்வரை மாற்றிப் பார்த்து வைக்க வேண்டும். எதை வைத்துப் பார்ப்பது? நம் மெட்ராலஜி லேபில் தூங்கிக்கொண்டு பார்த்தோமே, அதே கோ, நோ-கோ கேஜ்! கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக்கூடாது. இதைச் செய்யாமல் கலப்புப் பாகங்களில் சுடுவது முகத்துக்கு நேரே ஆபத்து. இரண்டு மார்க் கேள்வி என்று தள்ளிய விஷயம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

அப்படியானால் எடுக்கக்கூடாதா?

எடுக்கலாம். நண்பன் அதையேதான் இன்னும் வைத்திருக்கிறான். ஆனால் மூன்று விஷயம் மாற்றினான். ஒன்று, ஹெவி மெட்டல் பிரிவுக்குப் போனான். அங்கே எல்லோருக்கும் அதே உதைப்பு, அதே கனம். இரண்டு, மேகசின், ஸ்பிரிங், ஃபைரிங் பின் எல்லாம் தன் பையிலேயே. மூன்று, ஒரே ரகத் தோட்டா. எதில் ஸீரோ பார்த்தானோ அதிலேயே போட்டி. "வேற தோட்டாவுல வேற இடத்துல அடிக்குதுடா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நீ பட்டதை நான் இங்க வந்து பட்டேன்" என்று சிரித்தான்.

நம் நாட்டில் இது நடக்காது. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ், ராணுவத் தோட்டா போடும் செல்ஃப் லோடிங் ரைபிள் சாதாரண லைசென்சில் கிடைக்காது. கிடைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. ஆனால் என்.சி.சி.யில் .22 சுட நம் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. முறைப்படியான ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. 1951-ல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கம் போட்டிகளை நடத்துகிறது. புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஷாட்கன் பிரிவில் நின்றார். அங்கெல்லாம் உங்கள் கையில் வருவது எல்லோரும் வைத்திருக்கும் ரைபிளாக இருக்கும் என்று உத்தரவாதமில்லை.

கடைசியாக என் கதைக்கு வருகிறேன். நண்பனின் போனுக்கு அப்புறம் ஒருநாள் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தூரம் 25 கஜம், அதாவது 900 அங்குலம். தவறு 2 அங்குலம். அந்தப் பழைய ரைபிளில் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே சுமார் 19 அங்குலம். ஒத்த முக்கோணம்தான்: 2 x 19 / 900 = 0.042 அங்குலம். ஒரு மில்லிமீட்டர்! முன்குறியை, தவறு போகும் பக்கமே, அதாவது இடப்பக்கமே, ஒரு மில்லிமீட்டர் தட்டியிருந்தால் ஐந்தும் நடுவில். தட்ட நேரமில்லை என்றுதான் உஸ்தாத் இரண்டு அங்குலம் வலப்பக்கம் பிடிக்கச் சொன்னார். ரைபிள் தன் குணத்தை ஐந்து தோட்டாவில் எனக்கு நேர்மையாகச் சொல்லிவிட்டது. ஒரே இடத்தில் ஐந்து ஓட்டை போட்டு இதைவிடத் தெளிவாக எந்த மெஷின் பேசும்? நான்தான் கேட்கவில்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் தொடாத ஒரு பழைய லேத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். புதிதாக வந்தவனுக்கு அதுதான் கிடைக்கும். "மெஷின் சரியில்லை" என்று சொல்வதற்கு முன்னால் ஐந்து பீஸ் ஓட்டிப் பாருங்கள். ஐந்தும் ஐந்து விதமாக வந்தால் மெஷினையும் பாருங்கள், உங்கள் கையையும் பாருங்கள். ஐந்தும் ஒரே அளவு தவறினால் சந்தோஷப்படுங்கள். அது கெட்ட மெஷின் இல்லை, திருத்த வேண்டிய மெஷின். எவ்வளவு திருத்த வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிட்டது.