முள்முடி நட்சத்திர மீன்

பவளம் கல்லன்று, உயிர். பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவ்வீடுகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து பவளத்திட்டு ஆகின்றன. மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் ஆகிய இடங்களில் இந்தியாவின் பவளத்திட்டுகள் அமைந்துள்ளன. மீன்களுக்கு இருப்பிடமாகவும் கரைக்கு அலைதடுப்பாகவும் விளங்கும் இத்திட்டுகளை உண்டு வாழும் உயிரினங்களும் கடலில் உண்டு. அவற்றுள் பெரும்பசி கொண்டது முள்முடி நட்சத்திர மீன்.

உடலமைப்பு

பெயரில் மீன் இருந்தாலும் இது மீனினத்தைச் சேர்ந்ததன்று. இதற்கு முதுகெலும்பும் இல்லை, துடுப்பும் இல்லை. கடல் அட்டையைப் போன்று இதுவும் முட்தோலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்தது. நட்சத்திர மீன்கள் பலவற்றிற்கு ஐந்து கைகளே உள்ளன. இதற்கோ 21 கைகள் வரை இருக்கும். வளர்ந்த விலங்கு 25 முதல் 35 சென்டிமீட்டர் வரை அகலமுடையது. மேற்புறம் முழுவதும் நீண்ட கூரிய முட்கள் நிறைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. முள் குத்தினால் கடும் வலியும் வீக்கமும் குமட்டலும் உண்டாகும். முள்ளோடு நஞ்சும் உடலில் ஏறுவதே அதற்குக் காரணம். 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் இவ்விலங்கிற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று இதன் பெயர் அகாந்தாஸ்டர் பிளான்சி என்பதாகும்.

உண்ணும் முறை

இவ்விலங்கு உணவை வாய்க்குள் கொண்டு செல்வதில்லை. வயிற்றையே வாய்வழியாக வெளியே கொண்டு வருகிறது. குழாய்க்கால்களால் பவளத்தின்மீது ஏறி, வயிற்றை அதன்மேல் போர்வைபோல் விரிக்கிறது. வயிற்றிலிருந்து சுரக்கும் நொதிகள் பாலிப்புகளின் தசையைக் கூழாக்குகின்றன. அக்கூழை உறிஞ்சியபின் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அடுத்த பவளத்தை நாடுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தில் வெண்ணிறச் சுண்ணாம்புக்கூடு மட்டுமே எஞ்சும். சில வாரங்களில் அக்கூட்டைப் பாசி மூடிவிடும். ஒரு விலங்கு ஓராண்டில் ஏறத்தாழ 6 சதுர மீட்டர் வரை பவளத்தை அழிக்கக்கூடும்.

பவளமும் தற்காப்பின்றி இல்லை. கிளைப்பவளங்களுக்குள் வாழும் சிறு நண்டுகள், தம் வீட்டின்மேல் ஏற முயலும் நட்சத்திர மீனின் குழாய்க்கால்களைக் கொடுக்கால் கிள்ளி விரட்டுகின்றன. விரல்நுனி அளவே உள்ள காவலர்கள் தட்டளவு பகைவனை எதிர்த்து நிற்பது வியப்பிற்குரியது.

பகையா, நட்பா?

இவ்விலங்கு வெளியிலிருந்து வந்து புகுந்ததன்று. நெடுங்காலமாகப் பவளத்திட்டிலேயே வாழ்ந்து வருவது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது இதனால் தீங்கில்லை. விரைந்து வளரும் பவளங்களையே இது விரும்பி உண்பதால், மெல்ல வளரும் பவளங்களுக்கும் இடம் கிடைக்கிறது. எண்ணிக்கை பல்கிப் பெருகும்போதே கேடு தொடங்குகிறது. பவளம் வளரும் வேகத்தைவிட அது அழியும் வேகம் மிகுந்துவிடுகிறது.

1970களின் தொடக்கத்தில் இலங்கையின் திருகோணமலைப் பகுதியில் இவை பெருகிப் பவளத்திட்டுகளுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1962ஆம் ஆண்டில் கிரீன் தீவருகே இத்தகைய பெருக்கம் காணப்பட்டது. அதன்பின் மீண்டும் மீண்டும் நிகழ்ந்து வருகிறது. அங்கு 1985ஆம் ஆண்டில் 28 விழுக்காடாக இருந்த பவளப் பரப்பு 2012ஆம் ஆண்டில் 13.8 விழுக்காடாகக் குறைந்தது. அவ்விழப்பில் 42 விழுக்காட்டிற்கு இவ்விலங்கே காரணம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர். புயல்களுக்கு அடுத்த நிலையில் இது நிற்கிறது.

பெருக்கத்தின் காரணங்கள்

பெரிய பெண் விலங்கு ஒன்று ஓர் இனப்பெருக்கப் பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை நீரில் விடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிகள் நீரில் மிதந்து, கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகளை உண்கின்றன. தூய கடல்நீரில் நுண்பாசி குறைவு. ஆகவே பெரும்பாலானவை மடிகின்றன. வயல்களின் உரமும் ஊர்களின் கழிவும் ஆற்றுவழியே கடலில் கலந்தால் நுண்பாசி பெருகும்; இளவுயிரிகளும் மிகுதியாகப் பிழைக்கும். இது அறிஞர் கூறும் முதன்மையான காரணங்களுள் ஒன்று.

இயற்கைப் பகைகள் குறைவது மற்றொரு காரணம். ட்ரைட்டன் என்னும் பெருஞ்சங்கு இதனை வேட்டையாடி உண்ணும். அழகிய ஓட்டிற்காக மனிதர் அச்சங்கைச் சேகரித்ததால் பல இடங்களில் அது அரிதாயிற்று.

பெங்களூரின் பிரேசர் டவுன் கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் அதனருகே உள்ள அல்சூர் ஏரியிலும் இதே விதியைக் காணலாம்: கழிவுநீர் சேரும்போது நீர் பசுமையாகிப் பாசி படர்கிறது. நகரின் கிழக்குப் பகுதி நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையில் சேர்ந்து, தமிழகத்தைக் கடந்து, கடலூர் அருகே வங்கக்கடலில் கலக்கிறது. கடலைக் காணாத ஊரின் கழிவும் கடலைச் சென்றடையும் என்பதற்கு இவ்வாறே சான்று.

தடுக்கும் வழிகள்

ஜப்பானின் ரியூக்யூ தீவுகளில் 1970 முதல் 1983 வரை ஏறத்தாழ ஒரு கோடியே 30 இலட்சம் நட்சத்திர மீன்கள் அகற்றப்பட்டன. அவ்வாறு செய்தும் பெரும்பகுதிப் பவளத்தைக் காக்க இயலவில்லை. இளம் நட்சத்திர மீன்கள் பவளத்தை உண்ணத் தொடங்குமுன் பாசியை உண்டு, பிளவுகளில் மறைந்து வாழ்கின்றன. பவளம் கிடைக்காவிடில் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாறே காத்திருக்க வல்லவை என ஆய்வு காட்டுகிறது. எனவே கண்ணில் படுவனவற்றை அகற்றுவது மட்டும் போதாது.

இன்று முக்குளிப்போர் பித்த உப்பையோ காடியையோ ஊசிமூலம் விலங்கின் உடலில் செலுத்துகின்றனர். இம்முறை சிறிய பரப்பைக் காக்க உதவும். பரந்த கடலைக் காக்க வேண்டுமெனில் ஆற்றுநீரைத் தூய்மையாக வைத்தலும், சங்கு முதலிய இயற்கைப் பகைகளைப் பேணுதலும் வேண்டும். இந்தியாவில் ட்ரைட்டன் சங்கும் பவளங்களும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்படுகின்றன.

அழிந்த திட்டு மீண்டும் தழைக்கப் பத்தாண்டும் அதற்கு மேலும் ஆகலாம். கடல்நீர் வெப்பமடைந்து பவளங்கள் வெளிறிவரும் இக்காலத்தில் அந்த இடைவெளி கிடைப்பது அரிதாகி வருகிறது. முள்முடியை முற்றிலும் ஒழிப்பது நோக்கமன்று. அதன் எண்ணிக்கை அளவோடு இருக்கும் நிலையைக் கடலுக்குத் திருப்பித் தருவதே நோக்கம்.

அருஞ்சொற்பொருள்

நொதி – செரிமானத்திற்கு உதவும் சுரப்புப் பொருள்
கொடுக்கு – நண்டின் கவ்வும் உறுப்பு
காடி – புளித்த நீர்மம், வினிகர்
முக்குளித்தல் – நீரில் மூழ்குதல்

வினாக்கள்

1. முள்முடி நட்சத்திர மீன் உணவு உண்ணும் முறையை விளக்குக.
2. இவ்விலங்கு எந்நிலையில் பவளத்திட்டிற்கு நன்மை செய்கிறது? எந்நிலையில் தீமை செய்கிறது?
3. ஆற்றில் கலக்கும் கழிவிற்கும் இவ்விலங்கின் பெருக்கத்திற்கும் உள்ள தொடர்பை எழுதுக.
4. பிரித்து எழுதுக: கல்லன்று, அக்கூழை, பெருஞ்சங்கு.