தெருவோர உணவும் தோற்கும் மருந்தும்



மாலை வேளையிற் காலிமுகத் திடலில் உலாவச் செல்வோர் இறால் வடையின் மணத்தை நன்கு அறிவர். கொதிக்கும் எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையிற் கிருமிகள் உயிருடன் எஞ்சுதல் அரிது. ஆயினும் அதன்மீது தூவும் பச்சை வெங்காயமும், பரிமாறும் கையும், தட்டைக் கழுவும் வாளித் தண்ணீரும் தீயைக் காணாதவை. கிருமி பெரும்பாலும் இவற்றின் வழியாகவே வருகின்றது.

மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது ஈ.கோலை என்னும் பற்றீரியா. அது உணவிற் காணப்படின், மலத்தின் மாசு அங்கே கலந்திருக்கலாம் என்பதே பொருள். இளஞ்சூடும் ஈரமும் வாய்த்தால் ஏறக்குறைய 20 நிமிடத்திற்கு ஒருமுறை அது இரட்டிக்கும். அக்கணக்கின்படி ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும்.

தீங்கு வயிற்றோட்டத்துடன் முடிவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியும் இதே வழியில் வரக்கூடும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் ஆற்றிய நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்துண்டால் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என எச்சரித்தார். 1959இல் யப்பானிய ஆய்வாளர் வேறோர் உண்மையைக் கண்டனர். பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல், வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் இடையே கைமாறுகின்றது என்பதே அது. தந்தை மகனுக்கு விடும் முதுசொம் மட்டுமன்று இவ்வாற்றல். அயலான் அயலானுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதியும் போன்றது. ஆகவே, உண்டவரை நோயுறுத்தாத கிருமியுங்கூடத் தன் ஆற்றலைக் குடலிலுள்ள பிற கிருமிகளுக்கு வழங்கிவிடலாம். பின்னொருநாள் அவர் நோயுறும்போது, வைத்தியர் தரும் மருந்து தோற்றுப்போகும்.

இதற்கு வண்டில் வைத்துப் பிழைப்பவரை மட்டும் பழித்தல் நீதியன்று. குழாய்நீர் இல்லாத இடத்தில் அவர் ஒரு வாளித் தண்ணீரை நம்பியே தொழில் செய்கின்றார். உள்ளூராட்சிச் சபைகள் கடைவரிசைக்கு அருகே நீர்க்குழாய் அமைத்துக் கொடுப்பின், அவரது பிழைப்பும் எமது உடல்நலமும் ஒருங்கே காக்கப்படும்.

எமக்கும் கடமையுண்டு. சூடாகப் பொரித்ததையே கேட்டு உண்போமாக. சாதாரண வயிற்றோட்டத்திற்கு நாமாகவே கிருமிகொல்லிக் குளிசை வாங்கி விழுங்குதல் தகாது; கொதித்தாறிய நீரிற் கரைத்த ஜீவனியே பெரும்பாலும் போதுமானது. இரத்தம் கலந்தாலோ காய்ச்சல் மிகுந்தாலோ, குழந்தை சோர்ந்தாலோ, தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். அவர் தரும் மருந்தை அவர் குறித்த அளவிலும் நாளிலும் உட்கொள்ளவேண்டும்.

ஒருவர் வீணே விழுங்கும் குளிசையின் விளைவு அவரோடு நின்றுவிடுவதில்லை. அயல்வீட்டுக் குழந்தைக்கு உரிய மருந்தையும் அது பயனற்றதாக்கிவிடக்கூடும்.